ஒரு கீ மீதம்

டிவித் திரை கறுத்துப்போய், நடுவில் இரண்டு வரி ஆங்கில எச்சரிக்கை வந்தால், வீட்டில் எல்லோரும் முதலில் கேபிளைத்தான் பிடுங்குவார்கள். பிடுங்கி, வாயால் ஊதி, மறுபடி சொருகுவார்கள். பாதி நேரம் அதிலேயே சரியாகியும் போகும். நான் மட்டும் டிவியின் பின்பக்கத்தைத்தான் முதலில் எட்டிப் பார்ப்பேன். "அங்க இன்னா கீதுன்னு அப்படிப் பாக்குறீங்க?" என்று என் மனைவி கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள்.

போன மாதம் பாஸ்கரன் போன் செய்தான். என் கீழே வேலை பார்த்தவன், இப்போது ஒரகடத்தில் வேறொரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஜினியர். "சார், இப்பல்லாம் கீ சிப்புக்குள்ளயே ஏறி வந்துடுது. நம்ம லைன்ல அதுக்குன்னு தனியா ஒரு ஆளு ஒக்காந்துனு இருந்தாங்கன்னு சொன்னா பசங்க நம்பவே மாட்டேங்குறாங்க. நீங்க எழுதிக் குடுங்களேன்" என்றான். எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், எதை எழுத வேண்டியிருக்கும் என்று உறைத்தது.

என்னைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. காஞ்சிபுரத்தில் ரேடியோ மெக்கானிக்காக ஆரம்பித்து, இரண்டு கடைகள், ஒரு மூடிப்போன கம்பெனி எல்லாம் தாண்டி, 2006-இல் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு டிவி தயாரிக்கும் ஆலையில் லைன் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். 2015-இல் ஓய்வு. ஒன்பது வருஷம். அதற்கு முன்னால் இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். கனவில் வருவது அந்த ஒன்பது வருஷம்தான்.

கீ என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். செட்டாப் பாக்ஸோ, டிஸ்க் பிளேயரோ, உயர்தரப் படத்தை டிவிக்கு அனுப்புவதற்கு முன் அதனிடம் அடையாளம் கேட்கும். படத்தை யாரும் திருட்டு நகல் எடுத்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு. எங்கள் கம்பெனி வாசலில் செக்யூரிட்டி ஐடி கார்டு கேட்பது மாதிரி. டிவிக்குள் ஒரு ரகசிய எண் வரிசை இருக்க வேண்டும். அதுதான் கீ. ஒரு டிவிக்கு ஒன்று. அதே கீ இன்னொரு டிவிக்குப் போகக் கூடாது. பதில் சரியாக வந்தால் படம் வரும். வராவிட்டால் கறுப்புத் திரை, எச்சரிக்கை.

அந்தக் கீயை ஒவ்வொரு செட்டிலும் எழுதுகிற வேலை இசக்கியம்மாளுடையது. தென்காசிப் பக்கத்துப் பெண். இருபது வயதிருக்கும். நான்கு பெண்களோடு ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருந்தாள். செட் நகர்ந்து அவள் முன்னால் வரும். ஒயரைச் சொருகி, பார்கோடை ஸ்கேன் செய்து, பட்டனை அழுத்தி, பச்சை விளக்கு எரிந்ததும் ஒயரைப் பிடுங்குவாள். அடுத்த செட். நாள் முழுக்க இதே. மற்றவர்கள் இரண்டு மணி நேரத்தில் கழுத்தைப் பிடித்துக்கொள்வார்கள். இவள் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே செய்வாள். என்ன பாட்டு என்று ஒருநாள் கேட்டேன். "பாட்டெல்லாம் இல்ல சார், வாய்ப்பாடு. பன்னெண்டாம் வாய்ப்பாடு சொல்லிக்கிட்டே செஞ்சா கை தப்பாது" என்றாள். இரண்டு வருஷத்தில் அவள் கை தப்பி நான் பார்த்ததில்லை. 2009 தீபாவளிக்குள் அவளை நிரந்தரமாக்க வேண்டும் என்று நானே எழுதிக் கொடுத்திருந்தேன். ஊரில் தம்பியைப் பாலிடெக்னிக்கில் சேர்க்க அவள் அதைத்தான் நம்பியிருந்தாள்.

எங்கள் மேலதிகாரி தாமோதரன் சார், குவாலிட்டி மேனேஜர். சத்தம் போட மாட்டார். யார் எதைச் சொன்னாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ரெகார்டு என்ன சொல்லுது?" என்பார். அவரிடம் விசித்திரமான ஒரு பழக்கம் உண்டு. எந்த ரிப்போர்ட்டையும் முதலில் பென்சிலால்தான் எழுத வேண்டும். "இன்னைக்குப் பென்சில். நாளைக்குக் காலைல வந்து படி. தூங்கி எழுந்த பிறகும் அதே பதில்தான்னா, மேல பேனாவால எழுது" என்பார். நாங்கள் முதுகுக்குப் பின்னால் அவரைப் பென்சில் சார் என்றுதான் கேலி செய்வோம். இன்று யோசித்தால், அந்தப் பழக்கம் எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கும் என்று தோன்றுகிறது. என்னை அது காப்பாற்றவில்லை. நான்தான் விடவில்லை.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு முந்தைய வேலைநாள். எங்கள் லைனில் ஒரு வழக்கம் இருந்தது. அன்றைக்கு ஓடும் செட்டுகளில் ஒன்றை எடுத்து, மாலை போட்டு, பின்பக்கத்தில் சந்தனம் குங்குமம் வைத்து, அதைத்தான் பூஜையில் வைப்போம். பூஜை முடிந்ததும் ஊழியர்கள் பெயரைச் சீட்டுப் போட்டுக் குலுக்கி, வந்தவருக்கு அந்த செட்டைக் கம்பெனி கொடுத்துவிடும். லைனுக்குள் தூசி கூடாது என்பதால் கோலமாவுக்குத் தடை. அதனால் தரையில் கலர் டேப்பை வெட்டி ஒட்டித்தான் கோலம். வளைவு வருகிற இடத்தில் டேப் சுருங்காமல் ஒட்ட இசக்கிக்கு மட்டும்தான் வரும்.

பூஜைக்கு மேனேஜ்மென்ட் ஆட்கள் வருவதற்கு இன்னும் இருபது நிமிஷம்தான் இருந்தது. தரை வெறுமையாக இருந்தது. லைன் ஓடிக்கொண்டிருந்தது. கீ எழுதுகிறவர் எழுந்தால் லைனை நிறுத்த வேண்டும், அல்லது மாற்று ஆள் கையெழுத்துப் போட்டு உட்கார வேண்டும் என்பது கறாரான விதி. நான் இரண்டையும் செய்யவில்லை. "இசக்கி, வாம்மா, ஒரு பத்து நிமிஷத்துல ஒட்டிட்டுப் போய்டு" என்று கூப்பிட்டேன்.

"லைனு ஓடுதுல்லா சார்?"

"நான் பாத்துக்குறேன், வா."

அவள் ஓடி வந்து உட்கார்ந்து, மஞ்சளும் சிவப்புமாக ஒரு தாமரையை ஒட்டினாள். அவளுடைய இடத்துக்கு முன்னால் ஐந்தாறு செட்டுகள் வந்து வரிசையாக நின்றன. பூஜை மேசைக்குப் பக்கத்தில் இருந்தது அந்த வரிசைதான். அதிலிருந்து, முகப்பு பளபளவென்றிருந்த ஒன்றை நானே இரண்டு கையாலும் தூக்கி மேசையில் வைத்தேன். அதற்குக் கீ போட்டாயிற்றா என்று பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவே இல்லை. அவள் திரும்பிப் போய், நின்றிருந்த செட்டுகளுக்கெல்லாம் எழுதி முடித்தாள். லைன் நின்றது.

லேப்டாப்பில் இருந்த வல்லக்கோட்டை முருகன் படத்தை அந்த டிவியில் ஓடவிட்டோம். திரை நிறைய முருகன். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பூஜை முடிந்ததும் செட்டை எடுத்த இடத்திலேயே வைத்திருக்க வேண்டும். ஆனால் சாமி வந்து போன செட்டை, பொட்டு வைத்த செட்டை, மறுபடி லைனில் பின்னால் ஏற்றுவதற்கு யாருக்கும் மனசு வரவில்லை. எனக்கும்தான். படம்தான் அருமையாக ஓடியதே! ஸ்டிக்கர் ஒட்டி நேரே பேக்கிங்குக்கு அனுப்பிவிட்டேன். குலுக்கலில் எங்கள் கம்பெனி பஸ் டிரைவர் ஏழுமலையின் பெயர் வந்தது. சேரப்பணஞ்சேரிக்காரர். அந்த மனுஷன் டிவிப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார்.

லீவு முடிந்து வந்த அன்று தாமோதரன் சார் கூப்பிட்டார். அன்றைய உற்பத்திக்கும் எழுதிய கீக்கும் பொருந்தவில்லை. ஒரு கீ மீதம். குடோனில் இருந்த அத்தனை பெட்டிகளையும் பிரித்து, பிளேயர் மாட்டிச் சோதித்தார்கள். எல்லாவற்றிலும் படம் வந்தது. எல்லா செட்டிலும் கீ இருக்கிறது, ஆனால் ஒரு கீ மீதம் என்றால், அதற்கு ஒரே அர்த்தம்தான் என்று முடிவு செய்தார்கள். ஒரே கீ இரண்டு செட்டுகளில் ஏறியிருக்கிறது. அவசரத்தில் ஸ்கேன் செய்யாமல் பட்டனை அழுத்தினால் அந்த மெஷினில் அப்படி ஆகும். வேறு ஷிப்டில் ஒருமுறை ஆகியும் இருந்தது. எந்தக் கீ எந்த செட்டில் இருக்கிறது என்று திரும்பப் படிக்க எங்களிடம் வழி இல்லை. குடோனில் இல்லாத ஒரு செட், மாலை போட்டு பஸ்ஸில் ஏறிப் போன செட், ஒருவர் நினைவிலும் வரவில்லை.

இசக்கியை வரவழைத்தார்கள். அவள் நின்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"என் கைக்கு வந்த செட்டுக்கெல்லாம் எழுதிட்டேன் சார். ஒண்ணுகூட ரெண்டு தடவ அமுக்கல."

தாமோதரன் சார் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு என்னிடம் படிவத்தைத் தள்ளி, பென்சிலைக் கொடுத்தார். அதில் ஒரு கேள்வி: லைன் ஓடும்போது ஆபரேட்டர் இருக்கையை விட்டு எழுந்தாரா?

"ஜெயராமன், இந்தப் பொண்ணு சீட்ட விட்டு எழுந்துச்சா?"

ஆமாம் என்றால் அடுத்த கேள்வி, யார் அனுமதித்தது. விதியை மீறியது நான். எனக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. முந்தைய கம்பெனி மூடி எட்டு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. கோலத்துக்கும் மீதமிருக்கும் கீக்கும் என்ன சம்பந்தம், பத்து நிமிஷம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"இல்ல சார்" என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். மறுத்துப் பேசுவாள் என்று நினைத்தேன். பேசவில்லை. நானே சொல்லிவிடுவேன் என்று காத்திருந்தாளா, பெரியவரைக் காட்டிக்கொடுக்க மனமில்லையா, எனக்கு இன்றுவரை தெரியாது. நான் குனிந்து பென்சிலால் 'இல்லை' என்று எழுதினேன்.

வெளியே வந்ததும் வராந்தாவில் என் பின்னாலேயே வந்தாள்.

"எனக்காவப் பேச வேண்டாம் சார். நடந்ததச் சொல்லியிருக்கலாம்லா?"

"நாளைக்குப் பாக்கலாம் இசக்கி. போய் வேலையப் பாரு" என்றேன்.

மறுநாள் காலையில் படிவம் மறுபடி என் முன்னால் வந்தது. தாமோதரன் சார் பேனாவை நீட்டினார். "அதே பதில்தானா?" என்றார். நான் பென்சில் எழுத்தின் மேலேயே பேனாவை ஓட்டினேன்.

நிரந்தரம் போயிற்று, வேலையும் போயிற்று. கேட்டில் தொப்பியையும் ஐடி கார்டையும் கொடுத்துவிட்டு அவள் போனதை நான் பார்க்கவில்லை. ஏழுமலைதான் பார்த்திருக்கிறார். மதிய பஸ்ஸில் ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் அவர்தான் கொண்டுபோய் விட்டார். அவள் ஒட்டிய தாமரை மட்டும் தரையில் இருந்தது. டிராலிச் சக்கரம் ஏறி ஏறி இதழ் இதழாகத் தேய்ந்தது. பிய்த்துப் போடுங்கள் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று வருஷம் ஆயிற்று. ஒருநாள் காலை பஸ்ஸில் ஏறும்போது ஏழுமலை தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"சார், நம்ம வூட்டு டிவி ஒரு மாதிரியா மக்கர் பண்ணுது. மாப்பிள்ள புது எச்.டி. பாக்ஸ் வாங்கிக் குடுத்தாரு. மாட்னா படமே வர்ல, இங்கிலீசுல இன்னாவோ எழுதிக் காட்டுது. சர்வீஸ்காரன் மூணு வாட்டி வந்துட்டான். பாக்ஸ மாத்தினான், கேபிள மாத்தினான். ஓசில வந்த டிவிய வச்சினு கம்பெனில போய்க் கேக்கவும் ஒரு மாதிரியா கீது."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். நல்ல சிமெண்ட் வீடு. டிவி கூடத்தில் நடுநாயகமாக இருந்தது. தொடுவதற்கு முன் என்ன இருக்கிறது என்று பார்ப்பது பழக்கம். பாக்ஸிலிருந்து டிவிக்கு ஒரே கேபிள், நடுவில் எதுவும் இல்லை. திரையில் அந்த எச்சரிக்கை. இரண்டு பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்கி, டிவியின் சிவப்பு விளக்கு முழுதாக அணையும்வரை காத்திருந்தேன். முதலில் டிவி, பிறகு பாக்ஸ். பல நேரம் இரண்டும் ஒன்றையொன்று சரியாக அடையாளம் கேட்காமல் விட்டதுதான் காரணமாக இருக்கும். இப்படிச் செய்தால் சரியாகிவிடும். ஆகவில்லை. கையில் கொண்டுபோன கேபிளைப் போட்டேன். பக்கத்துத் துளையில் மாற்றினேன். இல்லை. பாக்ஸைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டு டிவியில் மாட்டினோம். அங்கே படம் பளிச்சென்று வந்தது. திரும்பி வந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று முனை இருக்கும் பழைய ஒயரைப் போட்டேன். மங்கலாக, ஆனால் வந்தது. அந்த ஒயர் வழியாகப் போகும் படத்துக்கு அடையாளம் எதுவும் தேவையில்லை; இத்தனை நாள் இந்த டிவி ஓடியதும் அப்படித்தான்.

கடைசியாக என் லேப்டாப்பை அதே எச்.டி. துளையில் மாட்டி, அதில் இருந்த போட்டோக்களைத் திறந்தேன். சொந்த போட்டோவுக்கு அடையாளம் கேட்கும் வேலை இல்லை. படம் உடனே வந்தது. துளை நன்றாக இருக்கிறது, திரை நன்றாக இருக்கிறது. அப்படியானால் இந்த டிவியிடம் அடையாளம் கேட்டால் சொல்ல எதுவும் இல்லை. இதற்குள் கீயே இல்லை.

எங்கள் லைனில் கீ இல்லாமல் ஒரு செட் எப்படி வெளியே வந்தது என்று எண்ணைப் பார்க்க டிவியைத் திருப்பினேன். ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். புதிதாக வைத்த மாதிரி நிறம் மங்காமல் இருந்தது.

"இது இன்னா ஏழுமலை?"

"பூஜ போட்ட பொட்டு சார். அத எப்படித் தொடைக்கிறது? வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை எங்க வூட்ல புதுசா வச்சினே வர்றாங்க."

நானே இரண்டு கையாலும் தூக்கி மேசையில் வைத்த பூஜை செட். கைக்கு வந்த செட்டுக்கெல்லாம் எழுதினேன் என்று அவள் சொன்னாளே. இது அவள் கைக்கு வரவே இல்லை. என் கையில் வந்தது. அன்றைக்கு ஆமாம் என்று சொல்லியிருந்தால், அந்தப் பத்து நிமிஷத்தைத் தோண்டியிருப்பார்கள். அரைமணி நேரத்தில் பூஜை செட்டுக்கு வந்திருப்பார்கள்.

மறுநாள் டிவியை ஏழுமலையின் பஸ்ஸிலேயே ஏற்றிக் கம்பெனிக்குக் கொண்டுவந்தேன். தாமோதரன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோலம், கூப்பிட்டது, பயந்தது, பொய் சொன்னது. அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. எழுந்துபோய் பழைய கோப்பைக் கொண்டுவந்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, என் பக்கமாகத் திருப்பி வைத்தார். பென்சில் கோட்டின் மேல் பேனாவில் என் கையெழுத்து. 'இல்லை.'

"நான் ரெகார்டத்தான் நம்பினேன், ஜெயராமன்" என்றார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. பேனாவை நீட்டினார். "இந்தத் தடவ பென்சில் வேண்டாம்."

அடித்துவிட்டு எழுதினேன்: ஆம். கோலம் போட நான் அழைத்தேன்.

அன்று மீதமிருந்த கீயை யாரும் பயன்படுத்தக் கூடாது என்று கம்ப்யூட்டரில் அப்போதே பூட்டி வைத்திருந்தார்கள். அவர் அதைத் திறக்கச் சொன்னார். மூன்று வருஷம் கழித்து அந்தக் கீ, அது போயிருக்க வேண்டிய செட்டுக்குள் போயிற்று. பச்சை விளக்கு எரிந்தது. இசக்கி உட்கார்ந்த அதே ஸ்டூலில் நான் உட்கார்ந்து பட்டனை அழுத்தினேன். பிளேயரை மாட்டியதும் படம் வந்தது. எனக்கு மெமோ கொடுத்தார்கள், இன்கிரிமெண்டை நிறுத்தினார்கள். வேலை போகவில்லை. எதற்குப் பயந்து அவளை விட்டேனோ, அது கடைசிவரை நடக்கவே இல்லை.

கம்பெனித் தாளில், தவறு அவளுடையது அல்ல, திரும்ப வந்தால் வேலை உண்டு என்று தாமோதரன் சார் கையெழுத்திட்டு, கோப்பில் இருந்த விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். விலாசதாரர் இல்லை என்று திரும்பி வந்தது. போன் எண் உபயோகத்தில் இல்லை. லீவு போட்டு நானே அந்த ஊருக்குப் போனேன். அம்மா இறந்த பிறகு அக்காளும் தம்பியுமாகத் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டார்கள் என்றார்கள். திருப்பூரில் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. தம்பி பாலிடெக்னிக்கில் சேரவில்லை என்று மட்டும் ஒருவர் சொன்னார்.

நான் ஓய்வு பெற்ற வருஷமே அந்த லைனையும் எடுத்துவிட்டார்கள். கடைசி நாளில் மெஷின்களைக் கழற்றிய பிறகு தரையைப் பார்த்தேன். தாமரையில் ஒரே ஒரு மஞ்சள் துண்டு, விரல் நீளத்துக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் பெயர்த்து, திரும்பி வந்த அந்தத் தபால் உறைக்குள் போட்டுக்கொண்டேன். உறை என் பீரோவில் இருக்கிறது.

வல்லக்கோட்டைக்கு இப்போதும் போவேன். ஒரகடம் ஸ்டாப்பில் ஷிப்டு முடிந்து பெண்கள் கூட்டமாக ஏறுவார்கள். அந்தக் கூட்டத்தில் "லா" போட்டுப் பேசும் குரல் கேட்டால் திரும்பிப் பார்த்துவிடுகிறேன். அவளுக்கு இப்போது அந்த வயது இருக்காது என்று தெரிந்தும் பார்க்கிறேன். அந்த லைன் சத்தம், பச்சை விளக்கு, பன்னிரண்டாம் வாய்ப்பாடு எல்லாம் எனக்குத் திரும்ப வேண்டும் போலிருக்கிறது. அதைவிட அந்த அறைதான் வேண்டும். அவள் நிற்க வேண்டும், தாமோதரன் சார் பென்சிலை நீட்டிக் கேட்க வேண்டும். கேட்டதும் நான் சொல்ல வேண்டும்.

"ஆமா சார். நான்தான் கூப்பிட்டேன்."